அடுத்தது என்ன? ஆட்டிசம் உள்ள குழந்தையோடு ஒரு நாள்

கொடைக்கானலில் ஒரு நவம்பர் மாத மாலை. பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த மூடுபனி தெருவை மறைத்திருந்தது. பத்தடி தள்ளி நிற்பவர் யாரென்று தெரியாது. அடுப்பில் பால் பொங்கியது. என் மனைவி அதை இறக்கி வைக்கத் திரும்பினார். அந்த ஒரு நிமிடத்தில் வாசற்கதவைத் திறந்துகொண்டு எங்கள் நான்கு வயது மகன் வெளியே போய்விட்டான்.

காணாமற்போன குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடுவது வழக்கம். எங்களுக்கு அந்த வழி இல்லை. அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டான். தெருவின் சரிவில் இறங்கினால் ஏரி. தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். அப்போதுதான் கல்லூரியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த நான், மனைவியின் குரல் கேட்டு அப்படியே ஏரிக்கரைச் சாலைக்கு ஓடினேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "சார், தம்பி இங்கனதான் இருக்கான். பயப்படாதீங்க."

வாடகைக்குச் சைக்கிள் விடுபவர் அவர். கவிழ்த்து நிறுத்திய ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தார். அதன் முன்னே மகன் குந்தியிருந்தான். "சக்கரம் நின்னா எந்திரிச்சுப் போயிருவான்னு தோணுச்சு சார். அதான் சுத்திக்கிட்டே இருக்கேன்" என்றார்.

பெற்றோரின் குரலுக்குத் திரும்பாத குழந்தையை ஒரு சைக்கிள் சக்கரம் எப்படிப் பிடித்து நிறுத்தியது? பார்ப்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தையை வளர்ப்பது பற்றிய பல செய்திகள் இதற்குள் அடங்கியுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஆட்டிசம் என்பது யாது?

1943-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர் என்னும் குழந்தை மனநல மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் எண்மர் ஆண்கள், மூவர் பெண்கள். பிறரோடு பழகுவதில் நாட்டமின்மை, பேச்சில் தனித்த போக்கு, எல்லாம் இருந்தபடியே இருக்கவேண்டும் என்ற பிடிவாதம் ஆகியவை அவர்களுக்குப் பொதுவாக இருந்தன. 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த 'ஆட்டிசம்' என்ற சொல்லை அவர் இந்நிலைக்குப் பயன்படுத்தினார். மறு ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். இருவருக்கும் முன்பாக, 1925-லேயே மாஸ்கோவில் குருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இதை விவரித்துவிட்டார். அவருடைய பணி நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது.

தமிழில் இதனை 'மதியிறுக்கம்' என்கின்றனர். அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்றும் காணலாம். இரண்டு சொற்களும் நம்மைச் சற்றுத் தவறான வழியில் இட்டுச்செல்கின்றன. இக்குழந்தைகளின் மதி இறுகிக் கிடக்கவில்லை. புற உலகச் சிந்தனையும் இல்லாமற்போகவில்லை. புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடுவதே பலருடைய தொல்லை. ஆகவே இக்கட்டுரையில் ஆட்டிசம் என்ற சொல்லையே கையாளுவோம்.

ஆட்டிசம் தொற்றுநோய் அன்று, மனநோயும் அன்று. கருவிலிருந்தே மூளையின் வளர்ச்சி சற்று வேறு வழியில் செல்வதால் ஏற்படும் நிலை. இதன் அடையாளங்களை இரண்டு தொகுதிகளாக மருத்துவர்கள் பார்க்கின்றனர். ஒன்று, பிறரோடு கருத்தையும் உணர்வையும் பகிர்ந்துகொள்வதில் உள்ள வேறுபாடு. மற்றொன்று, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாறாத பழக்கங்கள், ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்தல்.

இதை 'ஆட்டிச நிறமாலை' என்றும் சொல்வர். நிறமாலை என்றவுடன், ஒரு முனையில் லேசானது, மறு முனையில் கடுமையானது என்று ஒரே கோட்டைப் பலர் கற்பனை செய்கின்றனர். இயற்பியல் மாணவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். ஒரு விண்மீனின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் பல நிறங்கள் தோன்றும். ஒரு விண்மீனில் சிவப்பு மிகுந்திருக்கும். மற்றொன்றில் நீலம் ஓங்கியிருக்கும். அதுபோலவே ஒரு குழந்தைக்குப் பேச்சு வராது, ஆனால் ஒலியால் தொல்லை இராது. வேறொரு குழந்தை சரளமாகப் பேசும், ஆனால் சட்டையின் தையல் உறுத்தினால் துடித்துப்போகும். ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையைப் பார்த்தவர், அந்த ஒரு குழந்தையைத்தான் பார்த்திருக்கிறார்.

உலகில் 127 பேருக்கு ஒருவர் என்பது 2021-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சிறுமிகளைவிடச் சிறுவர்களிடமே இது மிகுதியாகக் கண்டறியப்படுகிறது. சிறுமிகளிடம் கவனிக்கப்படாமலே போய்விடுவதும் உண்டு.

பழி யார்மீது?

பேருந்தில் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், "வளர்ப்பு சரியில்லை" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். சொல் குழந்தையைப் பற்றியதாக இருந்தாலும் பார்வை தாயின்மேல் இருக்கும்.

இந்தப் பழியை ஒரு காலத்தில் மருத்துவ உலகமே சுமத்தியது. தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் குழந்தை தனக்குள் ஒடுங்கியது என்ற கருத்து பல ஆண்டுகள் கோலோச்சியது. சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூல் இதனைப் பரப்பியது. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1964-இல், பெர்னார்டு ரிம்லாண்டு என்ற உளவியலாளர் இது உடலியல் சார்ந்த நிலை என்று வாதிட்டு ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையே.

1977-இல் லண்டனில் சூசன் போல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 சோடிகளில், 4 சோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கருவிலிருந்து பிறந்த 10 சோடிகளில் அவ்வாறு ஒன்றுகூட இல்லை. இரு வகையினரும் ஒரே தாயிடம், ஒரே வீட்டில் வளர்பவர்களே. வளர்ப்புதான் காரணம் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதி செய்துள்ளன.

தடுப்பூசியின்மேலும் ஒரு பழி உண்டு. 1998-இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வு அதைக் கிளப்பிவிட்டது. அந்த ஆய்வு நேர்மையற்றது எனத் தெரியவந்ததால் 2010-இல் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான முடிவு, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டியது. தடுப்பூசியைத் தவிர்ப்பதால் ஆட்டிசம் குறையாது, தட்டம்மைதான் வரும்.

முன்கூட்டியே கணிக்கும் மூளை

இனிச் சக்கரத்துக்கு வருவோம்.

மின்சாரம் நின்ற இரவில் மாடிப்படி இறங்குகிறீர்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைக்கிறீர்கள். அங்கே தரை வந்துவிடுகிறது. உடம்பு ஒரு குலுக்குக் குலுங்குகிறது. ஏன்? கால் எங்கே பட வேண்டும் என்பதை மூளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தது. கணக்கு தவறிய அதிர்ச்சியே அந்தக் குலுக்கல்.

நம் மூளை ஓயாமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கணிப்பும் வந்த செய்தியும் ஒத்துப்போனால், அச்செய்தியை அது ஒதுக்கிவிடுகிறது. சுவர்க் கடிகாரத்தின் ஓசை சற்று நேரத்தில் நமக்குக் கேட்பதில்லை. உடுத்திய சட்டை உடலில் உரசுவதை நாம் உணர்வதில்லை. எல்லாவற்றையும் எப்போதும் உணர்ந்துகொண்டிருந்தால் ஒரு வேலையும் செய்யமுடியாது அன்றோ?

ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் இந்தக் கணிப்பு வேறு விதமாக நடைபெறுகிறது என்பது ஒரு கருதுகோள். இந்தியாவில் பிறந்து, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றும் பவன் சின்ஹாவும் அவருடைய குழுவினரும் 2014-இல் இதை விரிவாக முன்வைத்தனர். ஒரு நிகழ்ச்சியைத் தொடர்ந்து எது வரும் என்பதைக் கணிப்பது கடினமாக இருந்தால், உலகம் மந்திரவாதியின் மேடை போல ஆகிவிடும். எதுவும் முன்னறிவிப்பின்றித் திடீரென்று தோன்றும். கடிகாரத்தின் ஓசை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும். இது இன்னும் முழுமையாக நிறுவப்பட்ட கொள்கை அன்று. எனினும் வீட்டில் நாம் காணும் பலவற்றுக்கு இது நல்ல விளக்கம் தருகிறது.

சுழலும் சக்கரத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு கம்பி மேலே வருகிறது; அடுத்த கம்பி வருகிறது; அதற்கடுத்தது வருகிறது. அடுத்த கணம் என்ன நடக்கும் என்பது ஐயமின்றித் தெரியும். மனித முகமோ கணத்துக்குக் கணம் மாறுவது. அவனுடைய பெயரை நான் அழைத்தால் ஒரு தொனி, அவன் தாய் அழைத்தால் ஒரு தொனி, பயத்தில் அழைத்தால் வேறொரு தொனி. பெயருக்குப் பின்னால் சோறு வருமா, குளியல் வருமா, ஊசி வருமா என்பதும் தெரியாது. மூடுபனி சூழ்ந்த அந்த மாலையில் அவன் நம்பக்கூடிய ஒரே பொருளாக அந்தச் சக்கரம் இருந்தது எனலாம்.

அப்படியானால் வீட்டில் நாம் செய்யவேண்டியது என்ன? அடுத்தது என்ன என்பதை அவனுக்குத் தெரியும்படி செய்யவேண்டும்.

படங்களால் ஆன நாள்

எங்கள் சமையலறைச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் ஆறு படங்கள். பல் துலக்கும் தூரிகை, வெந்நீர் வாளி, இட்லித் தட்டு, சுவெட்டர், பள்ளிப் பை, சக்கரம். காலையில் எழுந்தவுடன் மகனை அதன் முன் நிறுத்துவோம். ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தைக் கழற்றிக் கீழேயுள்ள பெட்டியில் அவனே போடுவான். கடைசியில் இருக்கும் சக்கரம் அவன் விளையாடும் நேரத்தைக் குறிக்கும். வாய்ச்சொல் காற்றில் கரைந்துவிடும். படம் அங்கேயே நிற்கும். வட கரோலினாவில் எரிக் ஷோப்ளர் என்பவர் பெற்றோரையே ஆசிரியர்களாகக் கொண்டு உருவாக்கிய பயிற்சித் திட்டம் 1972-இல் அம்மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. இத்தகைய பட அட்டவணைகள் அதன் வழியே பெரிதும் பரவின. செலவு ஓர் அட்டையும் சிறிது பசையும்தான்.

மலையில் வாழ்பவர்களுக்குச் சுவெட்டர் இல்லாமல் முடியாது. ஆனால் கம்பளி நூல் கழுத்தில் குத்தினால் எங்கள் மகன் அதைக் கழற்றி எறிந்துவிடுவான். வெகுநாள் அதை அடம் என்றே எண்ணினோம். பிறகு ஒரு வழி கண்டோம். பலமுறை துவைத்து மிருதுவான பழைய பருத்திச் சட்டையை உள்ளே போட்டு, கழுத்துப் பட்டியில் தைத்திருந்த துணித் துண்டைப் பிரித்தெடுத்தோம். அன்றிலிருந்து அந்தப் போராட்டம் ஓய்ந்தது.

உணவிலும் அப்படியே. வெள்ளையாகவும் மெதுவாகவும் இருக்கும் இட்லியைத் தின்பான். அதே இட்லியில் சாம்பார் பட்டால் தொடமாட்டான். கடித்தால் 'கறுக்' என்று ஒடியும் காரட்டை விரும்புவான். வெந்த காரட்டைத் துப்புவான். வாயில் எது எப்படி இருக்கும் என்பது அவனுக்கு முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். புதிய உணவை வாயில் திணிப்பதால் பயனில்லை. முதலில் தட்டின் ஓரத்தில் வைப்பது, பல நாள் கழித்துத் தொடுவது, முகர்வது, நாக்கு நுனியில் வைப்பது என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். மலைவாழைப் பழத்தை அவன் ஏற்றுக்கொள்ள ஏழு வாரம் பிடித்தது.

"உனக்குத் தண்ணி வேணுமா?"

எங்கள் மகனுக்குத் தாகம் எடுத்தால் அவன் சொல்வது, "உனக்குத் தண்ணி வேணுமா?" என்பதே. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவன் பக்கம் நின்று பாருங்கள். தண்ணீர் வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் அவன் காதில் விழுந்த சொற்கள் இவைதாம். ஆகவே இவற்றைச் சொன்னால் தண்ணீர் வரும் என்று முடிவு செய்துவிட்டான். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லும் இந்த எதிரொலிப் பேச்சையும், 'நான்', 'நீ' இடம் மாறுவதையும் கானர் 1943-லேயே குறித்திருக்கிறார். இது பொருளற்ற உளறல் அன்று. பேச்சுக்குப் போகும் வழியில் ஒரு படி.

இதைத் திருத்த நாங்கள் கேள்வி கேட்பதை நிறுத்தினோம். அவன் குவளையைப் பார்த்தவுடன், அவன் சொல்லவேண்டிய வாக்கியத்தை அவன் சார்பில் சொன்னோம்: "எனக்குத் தண்ணி வேணும்." உடனே தண்ணீர் கொடுத்தோம். சில மாதங்களில் அந்த வாக்கியம் அவனுடையதாயிற்று. பேச்சே வராத குழந்தைகள் படத்தை எடுத்துக் கையில் கொடுத்தும், கருவியின் பொத்தானை அழுத்தியும் தம் தேவையைச் சொல்லலாம். படங்களைக் கொடுத்துப் பழக்கினால் பேச்சு வராமற்போகும் என்ற அச்சம் வேண்டாம். ஆய்வுகள் அவ்வாறு காட்டவில்லை.

இன்னொரு அச்சமும் உண்டு. "வீட்டில் தமிழ் பேசாதீர்கள், ஒரே மொழியாக ஆங்கிலம் பேசுங்கள்" என்று சிலர் அறிவுரை கூறுவர். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்றே ஆய்வுகள் தெரிவிக்கின்றன. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் கொஞ்சல் எப்படி வரும்? தமிழிலேயே பேசுங்கள், சுருக்கமாகப் பேசுங்கள்.

ஒலியும் உயரமும்

ஏப்ரல், மே மாதங்களில் கொடைக்கானலுக்குக் கூட்டம் வரும். அதோடு ஆரன் ஒலியும் வரும். நம்முடைய சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். அருகில் அடிக்கும் ஆரன் 100 டெசிபெல்லைத் தொடும். 60-க்கும் 100-க்கும் இடையே வேறுபாடு அதிகமில்லை என்று எண்ணவேண்டாம். ஒவ்வொரு 10 டெசிபெல் ஏற்றத்துக்கும் ஒலியின் செறிவு பத்து மடங்காகிறது. ஆகவே 40 டெசிபெல் ஏறினால் செறிவு 10,000 மடங்கு. அந்த ஒலி திடீரென்றும் வருகிறது. குழந்தை காதைப் பொத்திக்கொள்வதில் வியப்பென்ன?

இங்கே இயற்பியல் நமக்கு உதவுகிறது. திறந்த வெளியில் ஒலியின் செறிவு தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். ஆரனிலிருந்து 2 மீட்டரில் நிற்பதை விட்டு 20 மீட்டரில் நின்றால், செறிவு நூறில் ஒரு பங்காகும். அதாவது 20 டெசிபெல் குறையும். பேருந்து நிலையத்தில் வண்டியருகே காத்திராமல் கடைசி நிமிடம் வரை தள்ளி நிற்பதற்குச் செலவேதும் இல்லை. காதை மூடும் ஒலித்தடுப்பான் அணிவித்தால் இன்னும் 20 டெசிபெல் அளவுக்குக் குறைக்கலாம். ஆனால் அதை நாள் முழுதும் அணிவிக்கக் கூடாது. தேவையான இடத்தில் மட்டும் போதும்.

மருத்துவரைப் பார்க்கச் சமவெளிக்கு இறங்கும்போது வேறொரு தொல்லை. கொடைக்கானலின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் நூற்றுக்கு 78 பங்குதான். வத்தலக்குண்டுக்கு இறங்கும் இரண்டு மணி நேரத்துக்குள் அது நூற்றுக்கு 96 பங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல் திறந்து, உள்ளழுத்தத்தையும் வெளியழுத்தத்தையும் சமப்படுத்த வேண்டும். மலை ஏறும்போது உள்ளே மிகுந்த காற்று எளிதில் வெளியேறும். இறங்கும்போதோ வெளியழுத்தம் குழலை அமுக்குவதால் அது திறப்பது கடினம். அதனால்தான் இறங்கும்போது காது வலி மிகுதி. "காது அடைக்கிறது" என்று சொல்லத் தெரியாத குழந்தை தலையில் அடித்துக்கொண்டு அழும். விழுங்கும்போது அந்தக் குழல் திறக்கும். ஆகவே வளைவுக்கு வளைவு ஒரு மிடறு தண்ணீர் கொடுங்கள். எங்கள் பயண அட்டையில் 'குவளை', 'வளைவு' என்ற படங்கள் மாறி மாறி இருக்கும்.

வானாய்வுக் கூடத்துப் பாடம்

கொடைக்கானல் மலையில் சூரிய ஆய்வுக்கூடம் ஒன்று உள்ளது. 1904 முதல், வானம் தெளிந்திருக்கும் நாட்களில் சூரியனைப் படமெடுத்து வருகின்றனர். 1909-ஆம் ஆண்டு சனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்து, புள்ளியின் ஓரப்பகுதியில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தப் படங்களின் சிறப்பு என்ன? தேதி, நேரம், வானத்தின் நிலை எல்லாம் அவற்றோடு குறிக்கப்பட்டிருப்பதுதான்.

குழந்தையின் அலறலுக்கும் இந்த முறை பொருந்தும். அடம் பிடிக்கும் குழந்தை, கேட்டது கிடைத்தால் அழுகையை நிறுத்தும். நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் கவனிக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தை தாங்கமுடியாமல் உடைந்துபோகும்போது எதைக் கொடுத்தாலும் நிற்காது. அப்போது அதட்டுவதும் அடிப்பதும், நிரம்பிய குடத்தில் மேலும் நீரூற்றுவதே. விளக்கைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, அடிபடாமல் பார்த்துக்கொண்டு, காத்திருக்க வேண்டும்.

பிறகு குறிப்பேட்டை எடுங்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதுங்கள். எங்கள் குறிப்பேடு மூன்று மாதத்தில் ஓர் உண்மையைக் காட்டியது. மாலை அழுகைகளில் பெரும்பாலானவை மழை நாட்களில் வந்தன. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மழை வந்தால் நாங்கள் சத்தமாகப் பேசிக்கொள்வோம். அவனோ அந்த இரைச்சலில் தவித்திருக்கிறான். ஓட்டுக் கூரை போட்ட உள்ளறையில் அவன் படுக்கையை மாற்றினோம். அழுகை முற்றிலும் நிற்கவில்லை. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் என்பது இரண்டு நாளாயிற்று.

ஏரியும் கதவும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் சொல்லாமல் வெளியே போய்விடுவர். தண்ணீரை நாடிச் செல்வதும் உண்டு. இதனால் நேரும் உயிரிழப்புகளில் நீரில் மூழ்குதல் முதன்மையானது. அந்த நவம்பர் மாலைக்குப் பிறகு வாசற்கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் பொருத்தினோம். கதவில் ஒரு சிறு மணி கட்டினோம். வீட்டுத் தொலைபேசி எண்ணை அவன் சட்டையின் உட்புறம் தைத்தோம். ஏரிக்கரைக் கடைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அவனைக் கூட்டிச்சென்று காட்டினோம். இவற்றுள் கடைசியில் சொன்னதையே பயன் மிக்கது என்று கருதுகிறேன். ஊருக்கு மறைத்த குழந்தையை ஊர் எப்படிக் காப்பாற்றும்?

உதவி எங்கே கிடைக்கும்?

ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் திரும்பாமை, விரும்பிய பொருளை விரலால் சுட்டிக்காட்டாமை, 16 மாதமாகியும் ஒரு சொல்லும் பேசாமை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, எந்த வயதிலும் இருந்த பேச்சு மறைதல் ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இவை இருந்தாலே ஆட்டிசம் என்று பொருளன்று. செவியையும் சோதிக்க வேண்டும். "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான்" என்று ஓராண்டைக் கழித்துவிடாதீர்கள். நாங்கள் அப்படிக் கழித்தோம்.

2013-இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், மாவட்ட அளவில் முன்கூட்டியே கண்டறிந்து உதவும் மையங்களுக்கு ஏற்பாடு உள்ளது. அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. ஆட்டிசத்தை அளக்க இந்தியாவிலேயே உருவாக்கிய அளவுகோலில் 40 கேள்விகள் உள்ளன. அதன்படி சான்று பெற்றால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் சலுகைகளைக் கேட்கலாம். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது.

ஆட்டிசத்தை மாற்றிவிடும் மருந்து எதுவும் இல்லை. குருத்தணு ஊசி போட்டுக் குணப்படுத்துவதாகச் சொல்பவர்களிடம் நிலத்தை விற்றுப் பணம் கொடுக்காதீர்கள். அதைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்துள்ளது.

பயிற்சியாளர் அருகில் இல்லாத மலையூரில் என்ன செய்வது? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. 65 குழந்தைகள் அதில் பங்குகொண்டனர். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு, மருத்துவப் பட்டம் இல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற பணியாளர்கள் சென்றனர். பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படமெடுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்டிப் பேசினர். குழந்தையின் போக்கைப் பின்பற்றி மறுமொழி தரப் பெற்றோர் கற்றுக்கொண்டனர். குழந்தைகளும் தாமாகவே பெற்றோரை நாடித் தொடர்புகொள்வது கூடியது. எல்லா அளவீடுகளிலும் முன்னேற்றம் காணவில்லை. எனினும் பெருநகர வசதி இல்லாத வீட்டிலும் பெற்றோரால் செய்யக்கூடியது உண்டு என்பது தெளிவாயிற்று.

சைக்கிள் கடைக்காரர் இந்த ஆய்வுகள் எதையும் படித்தவர் அல்லர். அவர் குழந்தையை அதட்டவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவன் எதைப் பார்க்கிறான் என்று கவனித்தார். அதையே தானும் செய்தார். அன்று அவரிடமிருந்து நான் கற்றதை இன்றும் பயன்படுத்துகிறேன். மாலையில் மகன் சக்கரம் சுற்றும்போது எதிரே அமர்ந்து நானும் சுற்றுகிறேன். சக்கரம் நிற்கும் தறுவாயில் கையைத் தூக்கிக் காத்திருப்பேன். முதலில் அவன் சக்கரத்தையே பார்த்திருப்பான். சென்ற சில வாரங்களாக, அடுத்தது என்ன என்று அறிய, என் முகத்தைப் பார்க்கிறான்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கக்கூடும். பேருந்தில் அது காதைப் பொத்திக்கொண்டு அலறும்போது, அந்தத் தாயை முறைத்துப் பார்க்காதீர்கள். சன்னலோர இடத்தைக் கொடுங்கள். ஓட்டுநரிடம் ஆரனைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்தக் குழந்தையின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்றேனும் ஒரு மூடுபனி நாளில் அது உங்கள் வாசலுக்கு வரலாம்.